அரசாங்கக் கம்பெனி என்றால் கேஸ் போட முடியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு அரசாங்கக் கம்பெனி பாக்கி வைத்தால் அந்தப் பணம் போனது போனதுதான் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழில் செய்கிற நம்மவர்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அது உண்மையில்லை.

என் மைத்துனர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி சப்ளை செய்பவர். வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான ஒரு கப்பல் கம்பெனி சரக்கை வாங்கிக்கொண்டது. கேப்டன் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் உள்ள ரசீது கையில் இருக்கிறது. பணம் கேட்டால், "நாங்கள் அரசாங்கம், உங்கள் கோர்ட் எங்களை ஒன்றும் செய்ய முடியாது" என்று பதில் வருகிறது. அவரும் வக்கீலைப் பார்க்காமலே ஓய்ந்துவிட்டார். எனக்கு வயிறு எரிகிறது.

வெளிநாட்டு அரசுகள் மீதான வழக்குகளுக்கென்றே நம் நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் அந்நிய அரசுக்கே அதில் விலக்கு, அதாவது நம் கோர்ட்டில் வழக்குக்கு உட்படாமல் தப்பிக்கும் உரிமை, கிடையாது. அரசிலிருந்து தனித்து இயங்கும் கம்பெனிக்கு அரசதிகாரத்தைச் செலுத்திச் செய்த காரியத்துக்கு மட்டும்தான் விலக்கு கிடைக்கும். அரிசி வாங்குவதில் என்ன அரசதிகாரம் இருக்கிறது? போர்க்கப்பலைத் தொட முடியாது, சரி. வியாபாரத்துக்கு ஓடும் கப்பலைக் கோர்ட் உத்தரவோடு துறைமுகத்திலேயே சிறைபிடிக்கலாம். அந்தக் கப்பல் போய்விட்டதா? அதே முதலாளியின் வேறொரு வியாபாரக் கப்பல் இங்கே வரும்போது அதைப் பிடிக்கவும் நம் கடல் வழக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

2017 மே மாதம் நம் நாட்டின் போர்ட் எலிசபெத் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். மேற்கு சஹாராவின் பாஸ்பேட்டை நியூசிலாந்துக்கு ஏற்றிப்போன செர்ரி பிளாசம் கப்பலை, மேற்கு சஹாரா மக்களான சஹாராவிகள் தரப்பு சரக்குக்கு உரிமை கோரியதால் கோர்ட் நிறுத்தியது. சரக்கை அனுப்பியது மொராக்கோ அரசின் ஓ.சி.பி. நிறுவனம். அரசு விலக்கு என்ற வாதம் அங்கே வழக்கைத் தடுக்கவில்லை. முழு விசாரணைக்கு உத்தரவானது. ஓ.சி.பி. விசாரணையிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. 2018-ல் சரக்கு சஹாராவிகளுக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது.

ஜெயித்தாலும் பணத்தை வசூலிப்பது தனிப் பாடுதான். அதனால் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் "தென்னாப்பிரிக்கச் சட்டம் பொருந்தும்" என்று மட்டும் போட்டால் அரசு தன் விலக்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. "தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறோம்" என்ற வரி வேண்டும். அப்புறம், சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 வருஷம்தான் கெடு. என் மைத்துனருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வக்கீலைப் பார்க்கச் சொல்லி விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, நம் சிறு வியாபாரிகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்