பொருள்: 41 டிகிரி வெயிலில் அணைந்துபோன உங்கள் கார் பிரிட்ஜும் என் 10 பாட்டில் வைனும்

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் ஆங்கிலத்தில் எழுதினேன். நான்குக்கும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. விற்கும்போது கடையில் "அண்ணா, நம்ம ஆளுங்களுக்கு ஸ்பெஷல் விலை" என்று தமிழில்தானே பேசினீர்கள், அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். மனிதர் யாராவது படித்தால் சரி.

நவம்பரில் வாங்கிய 40 லிட்டர் மாடல், நீல மூடி. பில் எண்ணை ஏற்கெனவே நான்கு முறை அனுப்பியிருக்கிறேன், உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியின் மேல் வைன் பாட்டில் படம் போட்டு "12 பாட்டில்" என்று அச்சடித்தது நீங்கள்தான். (நான் வாங்கியது ஷிராஸ் என்ற சிவப்பு வைன், தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாப் பகுதியில் செய்தது. அந்தப் பாட்டில்களுக்குத் தோள் அகலம். 10-க்கு மேல் வைத்தால் மூடி மூடாது. அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.)

ஜனவரி கடைசியில் பரோசாவின் டனுண்டாவிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் திரும்பினோம். சுமார் 750 கிலோமீட்டர், சாப்பாடு, பிள்ளைகள் எல்லாம் சேர்த்துப் பத்து பதினொரு மணி நேரம். பிரிட்ஜை 14 டிகிரியில் வைத்துக் கிளம்பினேன். வழியில் டெய்லம் பெண்டில் பார்த்தபோது 14 என்றுதான் காட்டியது. அதற்கப்புறம் பெட்டி படுக்கையெல்லாம் மேலே ஏறிவிட்டது, பார்க்கவில்லை. ஹார்ஷமில் இரண்டு மணி நேரம் நிறுத்திச் சாப்பிட்டோம். வெளியே 41 டிகிரி. பாலரட் தாண்டியதும் என் மகன் "அப்பா, டிக்கில இருந்து புளிச்ச வாடை வருது" என்றான்.

ரோட்டோரம் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே டிக்கியைத் திறந்தேன். உங்கள் பிரிட்ஜ் அணைந்து, E1 என்ற பிழைக் குறி மின்னிக்கொண்டிருந்தது. ஒரு பீப் சத்தம் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாட்டிலைத் தொட்டால் குழந்தைக்கு ஆற்றின பால் சூடு. நான்கு பாட்டிலில் கார்க் மேலே ஏறி மூடித்தகட்டை முட்டிக்கொண்டு நின்றது, ஒன்றில் கசிந்து லேபிள் வழியாகப் பிசுபிசுவென்று கீழே வழிந்திருந்தது. சூட்டில் வைன் ஒரு தேக்கரண்டி அளவு பெருகினாலே போதும், கார்க்குக்குக் கீழே இருக்கிற இடமே அவ்வளவுதான். திருகு மூடி போட்டவை வெளியே ஒன்றும் காட்டவில்லை, ஆனால் உள்ளே வெந்தது வெந்ததுதான்.

இப்போது உங்கள் கஸ்டமர் கேருக்கு வருகிறேன். 47 நிமிடம் ஹோல்டில் நின்ற பிறகு ஒரு தம்பி எடுத்தார். பெயர் சொல்ல மறுத்துவிட்டார். "வைனுக்கு இத யாரு சார் வாங்கச் சொன்னது? இது பீருக்கும் கறிக்கும்தான்" என்றார். பெட்டியில் இருக்கும் படத்தைச் சொன்னேன். "அது சும்மா படம் சார்." சரி என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் "உங்க வண்டிலதான் கோளாறு" என்றார், அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி: "நீங்க குடிக்கிறதுக்கு நாங்க எப்படி சார் பொறுப்பு?" போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி, மாமியார். நீங்கள் விற்ற பொருள் வேலை செய்யவில்லை என்று சொல்லப் போனவனைக் குடிகாரன் ஆக்கி அனுப்பினீர்கள். பணம் திரும்பி வந்தாலும் அந்த ஒரு வாக்கியம் போகாது.

வண்டியில் கோளாறா என்று நானே பார்த்தேன். மல்டிமீட்டர் வாங்கி (அது வேறு 35 டாலர்) எஞ்சின் ஓடும்போது அளந்தேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 12.4 வோல்ட். கம்ப்ரசர் ஓடும்போது உங்கள் ஒயரின் மறுமுனையில் 11.6. நூல் மாதிரி ஒயர் கொடுத்தால் வழியிலேயே 0.8 வோல்ட் போகத்தான் செய்யும். வண்டி பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று உங்கள் பிரிட்ஜில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதைக் கடையிலிருந்தே 'ஹை'யில் வைத்து அனுப்புகிறீர்கள், 11.8-க்குக் கீழே போனால் அணைந்துவிடும் என்று கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது, எதற்கு, எப்படி மாற்றுவது என்று ஒரு வரி இல்லை. 'லோ'வில் வைத்திருந்தால் ஓடியிருக்கும். புது வண்டிகளில் எரிபொருள் மிச்சம் பிடிக்க, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் தேவையில்லாத நேரத்தில் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும், இது மெக்கானிக் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். கார் பிரிட்ஜ் விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

கூட வந்த நண்பர் இன்னொரு காரில் 6 பாட்டில் கொண்டுவந்தார். தெர்மாகோல் பெட்டியில் போட்டு, போர்வை சுற்றி, பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் ஏசி காற்று படுகிற மாதிரி படுக்கவைத்தார். ஹார்ஷமில் சாப்பிட இறங்கும்போது பெட்டியையும் கையோடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நான்தான் அதிகமாகச் சிரித்தேன், என்னிடம்தான் 649 டாலர் பிரிட்ஜ் இருந்ததே! அவருடைய ஆறும் பத்திரம்.

பழுது பார்க்கக் கொண்டுவரச் சொன்னீர்களே, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். பாயின்ட் குக்கிலிருந்து டாண்டினாங் பக்கம் உங்கள் கிடங்குக்கு, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்தேன். வாசலில் பார்க்கிங் இல்லை, இரண்டு தெரு தள்ளி நிறுத்தி 20 கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தப் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் "வெள்ளிக்கிழமை டெக்னீஷியன் வரமாட்டார்" என்றார். வெள்ளிக்கிழமை வரச்சொன்ன மின்னஞ்சலைக் காட்டினேன். "அது சிஸ்டம் அனுப்பினது." திரும்பவும் தூக்கிக்கொண்டு நடந்தேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

வைன் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், ஏதோ குடித்துக் கூத்தடிக்க வாங்கினேன் என்று நினைக்கிறீர்கள். அத்தானின் 60-ஆவது பிறந்தநாளுக்கு. 1843-இல் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கிற ஊர் அந்த டனுண்டா. நான் வாங்கியது அவ்வளவு பழசில்லை என்றாலும், அதில் நான்கு பாட்டில் கிழட்டுக் கொடிப் பழத்தில் செய்தது, இரண்டு வருடமாக ஆசைப்பட்டு வாங்கியது. விருந்தில் திறந்தால் உலர்திராட்சையைப் போட்டுக் கொதிக்கவிட்ட வாடை. அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் நல்ல மனிதர். கிளாஸை அப்படியே வைத்துவிட்டார்.

எனக்கு வேண்டியது இதுதான். பிரிட்ஜுக்குக் கொடுத்த 649 டாலர், வைனுக்கு 1,180 டாலர். இரண்டு பாட்டிலை இன்னும் திறந்தே பார்க்கவில்லை, ஆனாலும் கணக்கில் சேர்த்திருக்கிறேன், திறக்க மனம் வரவில்லை. டிக்கி கார்ப்பெட்டைக் கழுவ 120. அந்த அரை நாள் லீவு. இடுப்புக்கும் போன அந்த விருந்துக்கும் நீங்களே பார்த்து ஏதாவது போடுங்கள்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. நம்மவர்கள் நடத்தும் கடை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை, இதை நாலு பேரிடம் சொல்லாமல் முதலில் உங்களிடம் வருவதும் அதனால்தான். ஆனால் 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறையில் புகார் கொடுப்பேன், அதிலும் முடியாவிட்டால் வீகேட் (VCAT) என்கிற விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போவேன். சொன்ன வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் சொல்கிறது. பொருளின் குறையால் வந்த நஷ்டத்தையும் கேட்கலாம். "வாரண்டியில் வைன் வராது" என்று திரும்ப எழுதாதீர்கள். மல்டிமீட்டர் காட்டிய எண்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஏறின கார்க்குகளையும் ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிரிட்ஜை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள், கராஜில் இருக்கிறது. நான் இனி டாண்டினாங் வரமாட்டேன். தயவுசெய்து அந்தத் தம்பியை மட்டும் என்னைக் கூப்பிடச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பாயின்ட் குக்கிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்