கண் பரிசோதனைக்கு நேரம் குறிக்கும் புதிய முறை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் உள்ள நம் கண்ணாடிக் கடையில் பரிசோதனை அறை ஒன்றுதான்; ஒருவருக்குப் பார்வை பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. பண்ருட்டியிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் வாசலில் காத்துக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே போனில் கேட்டு நோட்டில் நேரம் எழுதி வந்தோம். ஆனால், கூட்டம் நிறைந்த மாலை வேளையில் அந்தப் போனை எடுக்கவே ஆள் இல்லை என்று நீங்கள் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஆகவே, வரும் ஆவணி முதல் தேதியிலிருந்து நம் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குத் தமிழில் எழுதி அனுப்பினால், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்று நேரம் குறித்துத் தரும். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

உதவியாளர் நம் காலண்டரைத் தானே திறந்து படிப்பதில்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் வரலாமா?" என்று நீங்கள் கேட்டால், அதை நாள் என்றும் நேரம் என்றும் பிரித்து, நடுவில் நாங்கள் வைத்திருக்கும் சிறு நிரலிடம் (கணினி புரோகிராமிடம்) கொடுக்கிறது; அந்த நிரல் கூகுள் காலண்டரிடம் கேட்டு, எந்தெந்த நேரம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் வாங்கி வருகிறது. யாருடைய பெயரில் நிரம்பியிருக்கிறது என்பதை மறைத்து, நிரம்பிய நேரத்தை மட்டும் சொல்லும் வசதி அந்தக் காலண்டரிலேயே இருக்கிறது. அதற்கு மேற்பட்ட எதையும் படிக்க உதவியாளருக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை. ஒருவர் வருகிற நாள் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். காலண்டர் குறிப்பில் எவராவது தந்திரமாக எழுதி வைக்கும் வரியை, இவ்வகை உதவியாளர்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு செயல்பட்டுவிடக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீட்டாரையும் கடைப் பிள்ளைகளையும் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். முதல் வாரத்திலேயே, காலை 10 மணிக்குக் குறித்த ஒருவருக்கு "வெள்ளிக்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு வரவும்" என்று செய்தி போயிற்று. உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தை நிரல் கூட்டாமல் விட்டதே தவறு, அன்றே திருத்திவிட்டோம். இன்று என்ன தேதி என்பதுகூட உதவியாளருக்குத் தானாகத் தெரியாது என்பதால், ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் நிரல் அதைச் சொல்லிக் கொடுக்கிறது. அப்படியிருந்தும், "அடுத்த வியாழன்" என்றால் இந்த வாரத்து வியாழனா, அதற்கடுத்ததா என்பதில் நம் மக்களே இரண்டு விதமாகப் பேசுகிறோம். ஆகையால் கிழமை, தேதி, மணி மூன்றையும் உதவியாளர் முழுமையாக எழுதிக் காட்டும். நீங்கள் "சரி" என்று பதில் அனுப்பிய பிறகுதான் பதிவு நடக்கும். அந்த வரியை அவசரப்படாமல் படித்துப் பார்க்குமாறு உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரே நேரத்தை இருவர் கேட்டால், கேட்டவை வந்த வரிசையிலேயே நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, பதிவை எழுதும் அந்தக் கணத்தில் மறுபடியும் ஒருமுறை காலண்டரைப் பார்க்கும்; பிந்தியவருக்கு வேறு நேரம் சொல்லப்படும். ராகு காலம் வேண்டாம் என்பவர்கள் அதையும் எழுதலாம். வெள்ளிக்கிழமை என்றால் 10.30 முதல் 12 மணி வரை தவிர்த்துச் சொல்லும்படி கிழமைவாரியான அட்டவணையைக் கொடுத்திருக்கிறோம். குரல் பதிவை மட்டும் உதவியாளரிடம் விடவில்லை. சோதனையில் ஆறும் ஆறரையும் அதற்குக் குழம்பிற்று. குரல் பதிவுகளைக் கடைப் பிள்ளைகளே கேட்டுப் பதில் சொல்வார்கள்.

உங்கள் பெயர், போன் எண், வருகிற காரணம் ஆகிய மூன்றை மட்டுமே உதவியாளர் கேட்கும். உங்கள் பவர் விவரங்கள் பழையபடி கடைப் பதிவேட்டில்தான் இருக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக விவரம் வாங்குகிறோம் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. இந்த மடலும் அதற்காகத்தான். பதிவை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவோம்.

ஒரு விஷயத்தில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். திடீரெனப் பார்வை மங்குவது, கண்ணுக்குள் மின்னல்போல் வெட்டுவது, அடிபட்டுக் கண் சிவந்து வலிப்பது என்று எவரேனும் எழுதினால், உதவியாளர் நேரம் குறிக்காது. உடனே கண் மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டு, எங்களுக்கும் தகவல் தரும். நாங்கள் போனில் அழைப்போம். அதற்குக் கண்ணாடிக் கடையில் காத்திருக்கவே கூடாது.

2024 ஃபெங்கல் புயலையும் அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. கரண்ட்டும் இணையமும் இல்லாத நாளுக்காக, தினமும் இரவு கடை சாத்துமுன் மறுநாள் பதிவுகளைப் பழைய நோட்டில் கையால் எழுதி வைப்போம். வாட்ஸ்அப் பழக்கமில்லாத பெரியவர்கள் வழக்கம்போல் காலை 10 மணிக்கு மேல் கடைப் போனுக்கே அழைக்கலாம். காலை வேளையில் அதை எடுப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தியிருக்கிறோம்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடையினர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.