குறை உடம்பில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன்டர்செக்ஸ் என்கிற ஊடுபால் மனிதர்களை, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் முழுதாக அடங்காத பால் கூறுகளோடு பிறந்தவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைப் பேச எடுத்ததற்கு நன்றி. ஆனால் பக்கம் முழுக்கப் பேசுகிறவர்கள் மருத்துவர்கள்தான். ஊடுபாலாகப் பிறந்த ஒருவரின் குரல்கூட அதில் இல்லை. முடிவில் 'இந்தக் குறையோடு பிறந்தவர்களும் சாதிக்கலாம்' என்று ஆறுதல் வேறு.

நான் சின்ன வயதில் போலியோ வந்து, காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் மாட்டி நடப்பவள். இந்தத் தொனி எங்களுக்குப் பழக்கம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் எங்களைத் தேடி நிருபர்கள் வருவார்கள். ஒருமுறை வந்தவரிடம், பென்ஷன் மனு கொடுக்கப் போகிற அலுவலகத்தில் சாய்தளம் இல்லை, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறோம் என்று விலாவாரியாகச் சொன்னேன். மறுநாள் பேப்பரில் வந்தது என் காலின் படமும், தன்னம்பிக்கை பற்றி நாலு வரியும்தான். சாய்தளத்தைக் காணோம். படி கட்டியவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார்கள்.

ஊடுபாலும் ஊனமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. திருநங்கையரோடு சேர்த்துக் குழப்புவதும் தப்பு. ஆனால் ஊனமுற்றோர் இயக்கம் போராடிப் பெற்ற பார்வை ஒன்று இருக்கிறது: உடம்பைச் சரி செய்யக் கிளம்பாதே, தடையைச் சரி செய். ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதைத்தான் சொல்கிறது. மறு ஆண்டே இந்தியாவும் அதை ஏற்றது.

அதே 2006 டிசம்பரில்தான், எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பெண்தானா என்று பார்க்கும் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ விவரம் டிவியில் ஓடியது. அந்தப் பெண்ணின் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஊரே பேசியது. அறிக்கையை வெளியே விட்டது யார், அதற்கு என்ன தண்டனை என்பதல்லவா செய்தி? அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது 2016-ல்தான். இடையில் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்ததையும் இதே ஊடகங்கள் சோகக் கதையாக்கின.

உங்கள் கட்டுரை, குழந்தைக்கு 'சீக்கிரமே ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது' என்கிறது. படித்ததும் பதறிவிட்டேன். ஊடுபால் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ 'திருத்தும்' அறுவை சிகிச்சையைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பு அது. அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இதைச் செய்யக் கூடாது என்று தமிழக அரசு அரசாணை போட்டது. இந்தியாவில் முதலில் இதைச் செய்த மாநிலம் நம்முடையது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! மருத்துவமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அட்ரினல் சுரப்பிக் கோளாறால் உடம்பில் உப்புக் குறைந்துபோகிற குழந்தைக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும், அது உயிர்ப் பிரச்சினை. பார்வைக்குச் சரியாக இருக்கட்டும் என்று கத்தி வைப்பது வேறு. தழும்பும் உணர்ச்சி இழப்பும் வாழ்நாள் முழுக்க அந்தக் குழந்தைக்கு, சம்மதம் மட்டும் பெற்றவர்களுடையதா?

மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. கேலிப் பொருளாக்காதீர்கள், அதிசயப் பிறவியாக்கவும் வேண்டாம், அவர்களைக் கலந்துகொள்ளாமல் அவர்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்றது. சினிமாவுக்குச் சொன்னதுதான், ஆனால் பத்திரிகைக்கும், ஊடுபால் மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் இது பொருந்தும்.

அடுத்த இதழில் அந்த ஆபரேஷன் வரிக்குத் திருத்தம் போடுங்கள். அப்புறம், அரசாணைக்குப் பிறகு இந்த மாதிரி எத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன, ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்தது யார் என்று சுகாதாரத் துறையிடம் உங்கள் நிருபர் ஒரு ஆர்டிஐ போட்டுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை.