ஹிட்லர் வேடம் மட்டுமா?

ஐயா, ஞாயிறு இணைப்பில் வந்த உலக சினிமா கட்டுரை, சுவிஸ் நடிகர் புரூனோ கான்ஸை 'ஹிட்லராக நடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 2004-இல் வந்த 'டவுன்ஃபால்' பெரிய படம்தான், சரி. ஆனால் 1941-இல் சூரிச்சில் பிறந்த அவரை வளர்த்தது மேடை. 1970-இல் ஜெர்மன் நாடக இயக்குநர் பீட்டர் ஸ்டைனோடு சேர்ந்து பெர்லினில் ஷவ்பூனே நாடகக் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். ஜெர்மன் மொழி நாடக உலகில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நடிகர் மட்டும், அதுவும் ஆயுள் முழுக்க, வைத்துக்கொள்ளும் இஃப்லாண்ட் மோதிரம் 1996 முதல் 2019-இல் அவர் இறக்கும்வரை அவரிடம்தான் இருந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

'டவுன்ஃபால்' படத்தில் ஹிட்லர் பதுங்குகுழியில் கத்தும் அந்தக் காட்சி, கிரிக்கெட் தோல்விக்குத் தமிழ் வசனம் ஒட்டி, என் மகனின் போனுக்கு வந்தது. இருவரும் சிரித்தோம். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கத்துவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றும் அந்தக் கை மெல்ல நடுங்குகிறது. கடைசி வரிசை ரசிகனுக்கும் எட்டும்படி பழகிய கை அது. அடுத்த முறை நடிகர்களைப் பற்றி எழுதும்போது, அவர்களின் நாடக வாழ்க்கைக்கும் அரைப் பத்தியாவது ஒதுக்குங்கள்.