மர்ரே ஆத்துல தூண்டில் போட வர்ற மாப்ளைக்கு

மாப்ள,

உன்ற வாய்ஸ் மெசேஜ் ரெண்டும் கேட்டேன். நானும் பேசியே அனுப்பலாம்னுதான் பாத்தேன், ஆனா சொல்ல வேண்டியது நெறைய கெடக்கு, எழுதிட்டா நீ மறந்தா திருப்பிப் படிச்சுக்கலாம், அதனால அந்தக் காலத்துல இன்லேண்ட் லெட்டர்ல நுணுக்கி நுணுக்கி எழுதுவமே அந்த மாதிரி டைப் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். அம்மாவுக்குக் கண் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோசம், நான் கேட்டேன்னு சொல்லு. உன் முட்டி வலிக்கு அந்த எண்ணெய்க் கடைக்காரன் பேச்சக் கேட்டுட்டுத் திரியாம ஒழுங்கா ஒரு டாக்டரப் பாரு. இங்க நாங்க சவுக்கியம், பொண்ணு வேலைக்காக சிட்னிக்குப் போயிட்டா, வீடு ஓன்னு இருக்கு, அதனால நீ டிசம்பர்ல பையனப் பாக்க மெல்போர்ன் வர்றேன்னு சொன்னதும் இவளுக்குக் கூட ஒரே குஷி, இப்பவே ப்ரீசரக் காலி பண்ண ஆரம்பிச்சுட்டா. மெல்போர்ன்ல இருந்து நாங்க இருக்கற ஆல்பரி மூணு மூணேகால் மணி நேரம்தான், பையன் கொண்டாந்து விடலேன்னா ட்ரெயின் ஏறிரு.

நீ கேட்டியே, "ஏன்டா அங்க ஸ்கேல் வெச்சு அளந்துதான் மீன் புடிக்கணுமாமே, என்ன கூத்து அது"ன்னு. கூத்துதான். ஆனா முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரி.

முதல்ல ஆறு யாருதுங்கறதே ஒரு பெரிய கதை. மர்ரே ஆறு ரெண்டு மாநிலத்துக்கு எல்லை, வடக்க நியூ சவுத் வேல்ஸ், தெக்க விக்டோரியா. நம்மூர்ல எல்லைன்னா ஆத்து நடுவுல கோடு போட்டு ஆளுக்குப் பாதின்னு நெனைப்போம் இல்ல, இங்க அப்படி இல்ல, தெக்குக் கரையோட மேல் விளிம்பு வரைக்கும் தண்ணி பூராவும் நியூ சவுத் வேல்ஸ் காரனுக்குச் சொந்தம். 1855 சட்டத்துலயே அப்படி எழுதி வெச்சுட்டாங்களாம். அதனால நீ விக்டோரியா பக்கத்துக் கரையில சேர் போட்டு உக்காந்து தூண்டில் வீசினாலும் நியூ சவுத் வேல்ஸ் லைசென்சுதான் வேணும், அவங்க ரூல்ஸ்தான். அதே நீ கொஞ்சம் உள்ள போயி ஓவன்ஸ், கீவான்னு கெளை ஆத்துல போட்டா அது விக்டோரியா, லைசென்சும் வேற. இங்க பொறந்து வளந்தவனுங்களுக்கே இதுல குழப்பம் வரும்.

லைசென்ஸ் எல்லாருக்கும் வேணும், டூரிஸ்டா வந்தாலும். மூணு நாளைக்கு, ஒரு மாசத்துக்குன்னு சின்னச் சின்னதா இருக்கு, போன்லயே எடுத்துக்கலாம். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் வேண்டாம். பென்சன் வாங்கற பெருசுங்களுக்கும் விலக்கு உண்டு, ஆனா இந்த நாட்டுப் பென்சன் கார்டு வெச்சிருக்கணும், நீ உன் சீனியர் சிட்டிசன் கார்டத் தூக்கிட்டு வந்து நீட்டாத. இன்னொண்ணு, வீசுனாத்தான் லைசென்ஸ்னு நெனைச்சுக்காத, தூண்டிலக் கையில வெச்சுட்டு ஆத்தோரம் நின்னாலே இருக்கணும், "எங்க கூட்டாளிதுங்க, சும்மா புடிச்சிட்டு நிக்கறேன்"கற பேச்சு செல்லாது. எனக்கு இதுல புடிச்சது என்னன்னா அந்தக் காசு பொதுக் கஜானாவுல போய்க் கரையறதில்ல, தனியா ஒரு ட்ரஸ்ட்ல போட்டு, மீன் குஞ்சு விடறது, ஆத்துல மறுபடி மரக்கட்டைய எறக்கறது, இந்த மாதிரி தூண்டில்காரங்களுக்கு ஆகற வேலைக்குத்தான் செலவு பண்றாங்க.

இப்ப மெயின் சமாச்சாரத்துக்கு வர்றேன், மர்ரே காட்ங்கற மீனு, இங்க சுருக்கமா காட். நம்ம பக்கம் விரால்னா எப்படி ஒரு மரியாதையோ அதே மாதிரி இங்க இது, ஆனா சைஸ் வேற லெவல். 1902ல வால்கெட்ங்கற ஊர்கிட்ட 113 கிலோவுல ஒண்ணப் புடிச்சதா பதிவு இருக்கு. பச்சை உடம்புல பாம்பு மாதிரி நெளிநெளியாப் புள்ளி, வாயத் தொறந்தா ஒரு தேங்கா உள்ள போயிரும். இதுக்கு ரூல் என்னன்னா 55 செமீக்குக் கீழ இருந்தா விட்றணும், 75 செமீக்கு மேல இருந்தாலும் விட்றணும். நடுவுல இருக்கறத மட்டும்தான் எடுக்கலாம். அதுவும் ஒரு ஆளு ஒரு நாளைக்கு ரெண்டு, மொத்தத்துல கைவசம் நாலு. கைவசம்னா அன்னைக்குப் புடிச்சது மட்டுமில்ல, வீட்டு ப்ரீசர்ல கெடக்கறதும் கணக்குதான். (இவ ப்ரீசரக் காலி பண்றதுக்குக் காரணம் இப்பப் புரியுதா.)

சின்னத விடறது சரி, அது எல்லா ஊர்லயும் சொல்றதுதான். பெருச எதுக்குடா விடணும், அதுக்குத்தானே மனுசன் விடிய விடிய கொசுக்கடி வாங்கிட்டு உக்காந்திருக்கான்னு நீ கேப்ப. முன்னாடி இங்கயும் குறைஞ்சது 60 செமீ இருந்தாப் போதும்னுதான் இருந்துச்சு. 2014 டிசம்பர்லதான் ரெண்டு மாநிலமும் சேந்து இந்த நடு அளவு முறையக் கொண்டு வந்தாங்க. பொட்ட மீனு நாலஞ்சு வயசாகி அம்பது செமீ தாண்டுனப்பறம்தான் முட்டை போடவே ஆரம்பிக்குது, அப்ப 55ங்கறது ஒருக்காவாச்சும் போட்டுட்டு வரட்டும்னு குடுக்கற டைம். மேல 75 எதுக்குன்னா, உடம்பு பெருக்கப் பெருக்க முட்டையும் ஏறிட்டே போகுது, சின்னது பத்தாயிரம் முட்டை போட்டா பெருசு அதுக்குப் பல மடங்கு போடும். நீ ஒரு மீட்டர் மீனை எடுத்தா நீ எடுக்கறது ஒரு மீன் இல்ல. பழைய ரூல் என்ன பண்ணுச்சுன்னா நல்லா வளந்ததா பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுக்கச் சொல்லிக் குடுத்துச்சு. நம்மூர்ல கெடா வெட்டுக்குக் கெடாயத்தான் குடுப்பமே ஒழிய குட்டி போடற வெள்ளாட்டக் குடுக்க மாட்டோம் இல்ல, அந்தக் கணக்குதான்.

போன சீசன்ல என்கூட வர்ற ஒரு வெள்ளைக்காரப் பெருசு, ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவரு, அவருக்கு ஒண்ணு மாட்டுச்சு. ஆத்துல சாஞ்சு கெடந்த ஒரு ரெட்கம் மரத்தடியில. கம்பு வில்லு மாதிரி வளைஞ்சு, அரை மணி நேரம் அந்த மனுசனப் படுத்தி எடுத்துட்டு மேல வந்துச்சு. மனுசன் என்ன பண்ணாருன்னா, முதல்ல ரெண்டு கையையும் தண்ணியில முக்கி எடுத்தாரு, காஞ்ச கையில தொட்டா மீன் மேல இருக்கற வழுவழுப்பு போயி சீக்கு வந்துருமாம். அளவு போட்ட பாய் ஒண்ணு இருக்கு, அதையும் நனைச்சுத்தான் விரிச்சாரு. மூக்க ஒரு முனையில முட்ட வெச்சு வாயச் சாத்தி வால நீட்டிப் பாத்தா 82. ஏழு செமீ ஜாஸ்தி. நானா இருந்தா ஒரு நிமிசமாச்சும் வயிறு எரிஞ்சிருப்பேன், அவரு ஒரு போட்டோ, அதுவும் தாடையப் புடிச்சுத் தொங்க விடாம வயித்துக்கு அடியில கையக் குடுத்துப் படுக்கவெச்சே எடுத்தாரு, அப்புறம் ஆத்துல எறங்கி முட்டிக்கால் தண்ணியில மீனைப் புடிச்சிட்டே நின்னாரு, செவுள் அடிச்சு அடிச்சு மூச்சு வந்து அதுவா வால ஒரு வீசு வீசிட்டுப் போற வரைக்கும். அப்புறம் திரும்பி என்னப் பாத்து டீ இருக்கான்னு கேட்டாரு, அவ்வளவுதான்.

டிசம்பர்ல வா டிசம்பர்ல வான்னு நான் அடிச்சுக்கறதுக்கும் காரணம் இருக்கு. செப்டம்பர் 1ல இருந்து நவம்பர் கடைசி வரைக்கும் காட் மீனுக்குத் தடைக்காலம். நம்ம கடல்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டு வெளியூருக்கெல்லாம் மீன் வெலை ஏத்தி விடுவாங்களே, அது மாதிரி, ஆனா இது இங்க வசந்த காலம். தண்ணி வெதுவெதுன்னு ஆகறப்ப இதுங்க பொந்து விழுந்த மரக்கட்டைக்குள்ள முட்டைய ஒட்டி வெக்கும், வெச்சுட்டு ஆத்தா கிளம்பிரும், அப்பன்தான் வால ஆட்டி ஆட்டித் தண்ணி வீசிக் காவல் காக்கும். அதனாலதான் அந்த மூணு மாசம் "புடிச்சுட்டு விட்டுர்றேங்க"ன்னு சொன்னாலும் ஒத்துக்க மாட்டாங்க. நீ அப்பனப் புடிச்சு போட்டோ எடுத்துட்டு விடற அந்த கேப்புல முட்டை போச்சு. இந்த ஒரு ரூல் எனக்கு ரொம்ப நியாயமாப் படுது. டிசம்பர் 1ந்தேதி விடிகாலையில பாத்தீன்னா ஆத்தோரம் தேர்த்திருவிழாக் கூட்டம்தான்.

மத்ததெல்லாம் சுருக்கமா. கோல்டன் பெர்ச், இங்க எல்லாரும் யெல்லோ பெல்லிம்பாங்க, 30 செமீக்கு மேல, ஒரு நாளைக்கு அஞ்சு. கொழம்புக்கு இதுதான் சூப்பர், காட் மீனை விட இதுக்குத்தான் என் ஓட்டு. சில்வர் பெர்ச்ச ஆத்துல தொடவே கூடாது. ட்ரவுட் காட்னு ஒண்ணு இருக்கு, அச்சு அசலா மர்ரே காட்டோட தம்பி மாதிரியே இருக்கும், கண்ணு வழியா ஒரு கருப்புக் கோடு ஓடும், மேல் தாடை கீழ்த் தாடைய விட நீட்டிட்டு நிக்கும், உடம்புல நெளி இருக்காது, புள்ளிதான். அது அழியற நிலையில இருக்கற மீனு, எடுத்தா பெரிய ஃபைன், சந்தேகம்னாலே விட்டுரு, என்னக் கூப்புடு. கம்பு ஒரு ஆளுக்கு ரெண்டுதான், ரெண்டையும் கண்ணு பாக்கற தூரத்துல வெச்சுக்கணும், நம்ம கூடுதுறைக்கு மேல ராத்திரி பூரா முள்ளுக் கட்டிப் போட்டுட்டு காலையில போயி எடுப்பமே அதெல்லாம் இங்க மூச்சு விடக்கூடாது. உசுரோட சின்ன மீனக் கோத்துப் போடறதும் கூடாது. மண்புழு, எறா, யாப்பின்னு ஒரு சின்ன ஆத்து நண்டு மாதிரி ஒண்ணு, இதெல்லாம் போடலாம், நம்ப மாட்ட, காட் மீனுக்கு சீஸ் கட்டியக் கோத்துப் போட்டாலும் லபக்குன்னு கவ்வும். யாப்பி புடிக்கற மூடுன கூடு ஒண்ணு முன்ன எல்லார் வீட்லயும் இருந்துச்சு, அதுல ப்ளாட்டிபஸ்னு வாத்து மூக்கு மாதிரி இருக்கற தண்ணிப் பிராணி மாட்டி மூச்சு முட்டிச் செத்துச்சுன்னு 2021ல இங்க தடை பண்ணிட்டாங்க.

அப்புறம் உனக்குன்னே ஒண்ணு. நீ கரையிலயே அருவாமனையப் போட்டு மீனக் கண்டம் கண்டமா வெட்டற ஆளு. இங்க அளவு இருக்கற மீனை ஆத்தோரத்துல துண்டு போடக்கூடாது, செவுளு கொடலு எடுக்கலாம், அவ்வளவுதான், முழுசா இருந்தாத்தான் ஆபீசர் வந்தா அளந்து பாக்க முடியும். அவங்க திடீர்னுதான் வருவாங்க, படகுலயோ ஜீப்லயோ. ஐஸ் பொட்டியத் தொறக்கச் சொல்லுவாங்க, மரியாதையாத்தான் பேசுவாங்க.

வாய்க்கு வாய் ரூல்ஸ் ரூல்ஸ்னு சொல்றனே, ரூல் இல்லாத மீனும் ஒண்ணு இருக்கு. கார்ப். நம்ம கெண்டைக் குடும்பம்தான், வெளிநாட்டுல இருந்து வந்து 1974 வெள்ளத்துல ஆறு பூராப் பரவிட்டதாம், தண்ணியக் கலக்கி மத்ததுக்கு எடமில்லாமப் பண்ணிருச்சு. எத்தனை வேணா எடு. விக்டோரியால அத உசுரோட திருப்பி விட்டா உன்மேல கேஸு. வெள்ளைக்காரங்க தின்ன மாட்டாங்க, முள்ளு ஜாஸ்தி சேறு வாசம்னு கரையில வீசிட்டுப் போயிருவாங்க, நம்ம ஆளுங்க நல்லா உப்பு மஞ்சள் போட்டுக் கழுவி புளி தூக்கலா வெச்சுர்றோம்.

ஆனா மாப்ள, எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. தூண்டில்காரன் 76 செமீ மீன எடுத்தாக் கேஸு, சரி. 2018 டிசம்பர்லயும் அதுக்கடுத்த ஜனவரியிலயும் டார்லிங் ஆத்துல மெனிண்டிங்கற ஊர்கிட்ட லட்சக்கணக்குல மீன் செத்து மெதந்துச்சு, பெரிய காட் மீனை மார்போட அணைச்சுத் தூக்கிட்டு ரெண்டு பேரு தண்ணியில நின்னு கோவத்துல கத்துன வீடியோ உலகம் பூராப் போச்சு. வறட்சி ஒரு பக்கம், மேல பாசனத்துக்குத் தண்ணிய உறிஞ்சுனது ஒரு பக்கம். இங்கயே ஹ்யூம் டேம்ல அடித்தண்ணியத் தொறந்து விடறதால கீழ நெடுந்தூரத்துக்கு ஆறு ஜில்லுனு இருக்கு, காட் மீனுக்கு முட்டை போடற சூடு வர்றதில்ல. படகு போக எடைஞ்சல்னு ஒரு காலத்துல ஆத்துல இருந்து ஆயிரக்கணக்குல மரக்கட்டைய எடுத்ததும் கவர்மெண்டுதான், இப்ப லைசென்ஸ் காசுல அதையே திருப்பி எறக்கறதும் அவங்கதான். இதையெல்லாம் அளக்க எந்தப் பாயும் இல்ல. அதுக்காக ரூல் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம கையில இருக்கறது அந்த ரெண்டு மீனுதான், அதையாச்சும் சரியாப் பண்ணலாம்.

நம்ம பக்கத்தையே எடுத்துக்க. பவானிசாகருக்கு மேல மோயாத்துல இருக்கற முதுகு கூனுன மாசீர், காவேரி தண்ணியில மட்டுமே இருக்கற மீனு, 1946ல கபினியில 120 பவுண்டுல ஒண்ணு தூண்டில்ல வந்திருக்கு. அதுக்கு சரியான சயின்ஸ் பேரே 2018லதான் முடிவாச்சு, அதுக்குள்ள அது அழிவோட விளிம்புக்குப் போயிருச்சு. கர்நாடகா பக்கம் புடிச்சு விடற கேம்ப்பெல்லாம் நடந்துட்டு இருந்துச்சு, சரணாலயத்துக்குள்ள தூண்டிலே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அங்க போட்டுட்டிருந்தவங்க என்ன சொல்றாங்கன்னா, நாங்க இருந்த வரைக்கும் தோட்டா போடறவன் பயந்தான், இப்பக் கேக்க ஆளில்லன்னு. எனக்கென்னவோ அதுல கொஞ்சம் நியாயம் இருக்கற மாதிரிதான் படுது. நீ என்ன நெனைக்கற, எழுது.

இந்த ஆத்தோட கடைசியில இருக்கற ங்காரிஞ்சேரிங்கற பழங்குடி மக்களுக்கு ஒரு கதை உண்டு. ஒரு ராட்சச காட் தப்பிச்சு ஓடறப்ப வால அடிச்சு அடிச்சுத்தான் சின்ன ஓடை இவ்வளவு பெரிய ஆறாகி வளைஞ்சு வளைஞ்சு போகுதாம். தொரத்துன பெரியவரால முடியல, கடைசியில ஏரியில காத்திருந்து ஈட்டி எறிஞ்சது அவரோட மச்சான். வேலைய முடிச்சது மச்சான்னு கேட்டதும் இவ சிரிச்ச சிரிப்பு இருக்கே.

சரி, வேலைக்கு வர்றேன். தூண்டிலு தங்கூஸு எதுவும் அங்கிருந்து தூக்கிட்டு வராத, பழைய செட்டுன்னா ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணி அவன் மண்ணு இருக்கா புழு இருக்கான்னு பாத்து முடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும், இங்க எங்கிட்ட நாலு கம்பு சும்மா கெடக்கு. கொழம்பு மெளகாத்தூள் மட்டும் உன் வீட்ல அரைச்சது ஒரு கிலோ, அதையும் ஃபார்ம்ல எழுதிரு. பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் ஸ்பெல்லிங்கும் வர்ற தேதியும் அனுப்பி விடு, ஒரு மாச லைசென்ஸ் நானே எடுத்து வெச்சுர்றேன்.

உன் கூட்டாளி
ஆல்பரியில இருந்து