ஹாவோட் செம்பு ஆலை: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

வேல்சு நாட்டுச் சுவான்சியில் நாம் பந்தாட்டம் பார்க்கப் போன அரங்கத்துக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டிருந்தாய். அது செம்பு ஆலைகள் நின்ற பகுதி. அங்கே மோர்ஃபா ஆலை இருந்தது. அதை ஒட்டியே ஹாவோட் ஆலை. இத்தனை ஆண்டுகள் உன்னை அவ்வழியே அழைத்துச் சென்றும் இதைச் சொல்லாமல் விட்டது என் குறைதான்.

ஹாவோட் என்ற வேல்சுச் சொல்லுக்கு, கோடையில் மாடுகளை மேய்க்கச் சென்று தங்கும் குடில் என்று பொருள். அந்த மேய்ச்சல் நிலத்தில்தான் 1810இல் ஜான் விவியன் உலைகளை எழுப்பினார். தாதுவை உருக்க அதைவிட மிகுதியாக நிலக்கரி எரிந்ததால், கரி இருந்த இடத்துக்கே தாதுவைக் கொண்டுவந்தார்கள். முதலில் கார்ன்வாலிலிருந்தும், பின்னர் கியூபாவிலிருந்தும், தென்னமெரிக்க முனையைச் சுற்றிக்கொண்டு சிலியிலிருந்தும் கப்பல்கள் டாவே ஆற்றுக்கு வந்து சேர்ந்தன. எதிர்க்கரையில் 1737இல் தொடங்கிய ஒயிட் ராக் ஆலை, ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுத்த காப்புகளையும் வார்த்தது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உலைப்புகையில் கந்தகமும் ஆர்செனிக்கும் கலந்திருந்தன. ஹம்ப்ரி டேவி, மைக்கேல் ஃபாரடே போன்ற அறிஞர்களைக் கலந்தும் தீர்வு கிட்டவில்லை. பயிர் கருகிய உழவர்கள் வழக்குத் தொடுத்தும் வெல்லவில்லை. ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள கில்வே குன்று மொட்டையாயிற்று. மேய்ச்சல் நிலத்தை ஆலை விழுங்கியது. 1980இல் வேலை நின்றபின் ஆலையின் பெரும்பகுதியும் இடிபட்டது. அதன் ஊடே ஓடிய கால்வாயும் இன்று தூர்ந்து கிடக்கிறது.

அக்குன்றில் நீ ஓடி விளையாடிய மரங்கள் தாமாக முளைத்த காடல்ல. 1961இல் தொடங்கிய பள்ளத்தாக்குச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடர்ந்து நட்டவை. பள்ளிப் பிள்ளைகளும் அதில் கை கொடுத்தார்கள்.

நேற்று ஆலையை ஒட்டிய ஹாவோட் பகுதித் தெருவொன்றில் மதிலின் மேல்வரிசைக் கற்களைத் தடவிப் பார்த்தேன். உலைக் கசடை அச்சில் ஊற்றி வார்த்த கன்னங்கரிய கட்டிகள் அவை; மூளியான இடத்தில் கண்ணாடிபோல் மின்னின. ஆலையின் பழைய இயந்திரக் கூடமும் இன்னும் நிற்கிறது. கோடையில் நீ வரும்போது இரண்டையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா