402 − 178: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைமையாசிரியர்களுக்கும் கணிதப் பணித்தியத் (பாட ஆசிரியர் குழு) தலைவர்களுக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு உட்காரும்போது, போன ஆண்டுக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

402 − 178. விடை 224. ஒரு பையன் 376 என்று எழுதுவான். மேலே கீழே பார்க்காமல் ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். ஒரு பிள்ளை 324 என்பாள். பூஜ்யத்தை 9 ஆக்கத் தெரிந்தவளுக்கு நூறில் ஒன்று குறைந்தது நினைவில்லை. இன்னொருவன் 234, நூறைப் பத்துகளாக உடைத்தவன், ஒன்றுகளுக்கு ஒரு பத்தைக் கொடுத்ததை மறந்துவிட்டான். வகுப்புசார் மதிப்பீட்டில் மூவருக்கும் ஒரே அடைவுநிலை, பிறகு ஒரே பயிற்சித்தாள். முதல் பையனுக்குத் தாள் எதற்கு? ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டிக் கொடுத்து அவனையே அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் 402ஐ 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று என்று பிரித்தெழுதி, நடுவில் பூஜ்யம் வரும் ஐந்தாறு கணக்குப் போட்டாலே போதும்.

இதற்கு நேரம் ஏது என்பீர்கள். வாரத்துக்கு ஒரு கற்றல் தரம் (பிள்ளைகள் கற்க வேண்டிய ஒரு திறன்) என்று பரப்பிவிட்டால் கிடைக்காதுதான். இடமதிப்பு சறுக்கினால் கழித்தலும் சறுக்கும், பணமும் சறுக்கும். அதற்கும் மற்றத் தரங்களுக்கும் ஒரே எடை எப்படி? எது எதன்மேல் நிற்கிறது என்று அம்புக்குறி போட்டுவிட்டு வாரங்களைப் பிரியுங்கள். நான்கு வாரம் பாடம், ஐந்தாவது வாரம் குறைநீக்கல். அந்த வாரத்தைப் பெயரில்லாமல் விட்டால் விளையாட்டுப் போட்டி ஒத்திகை விழுங்கிவிடும், நமக்குத் தெரியாததா!

நாள் பாடத்திட்டம் ஒன்றே போதும். பிழைவாரியாகப் பிரித்த குழுவுக்கு ஒன்றாக மூன்று எழுதச் சொன்னால் இரண்டாம் வாரமே நகலெடுப்பு தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் முதல் 25 நிமிடம் எல்லோருக்கும் பாடம். 5 நிமிடத்தில் இரண்டு கணக்கு. பிழையைப் பார்த்துப் பிரித்து, 20 நிமிடம் ஒரு குழுவோடு ஆசிரியர் உட்காரட்டும். மற்றவர்களுக்குத் தாமே செய்யக்கூடிய வேலை. மூன்று குழுவுக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்தில் கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது 'கடைசி வரிசை'யாகிவிடும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் ரத்து செய்யப்பட்டாயிற்று. பாடத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

முதல் பணித்தியக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து பயிற்சிப் புத்தகங்கள் கொண்டுவரச் சொல்லுங்கள், தவறான விடைகள் உள்ளவையாக. கோப்பை அப்புறம் திறக்கலாம்.

இவண்,
தொடக்கப்பள்ளிக் கணித ஆசிரியர்கள் சிலர், பினாங்கு